ஆர்டர் கொடுத்துச் செய்த பேஸ் கிட்டார்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

கடையில் தொங்கும் பேஸ் என்றால் பத்து நிமிடம் வாசித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். மரம், ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்), பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) எல்லாம் சொல்லிச் செய்யவைத்த பேஸில் அந்த வசதி இல்லை. பெட்டியைத் திறக்கும் அன்றுதான் அது முதல் முறையாக உங்கள் கைக்கு வருகிறது. அன்று தெரியும் குறை பெரும்பாலும் மூன்றில் ஒன்று. பயணத்திலும் ஈரப்பதத்திலும் செட்டப், அதாவது நெக்கின் வளைவு, ஸ்ட்ரிங்கின் உயரம் போன்ற சரிக்கட்டல், நகர்ந்திருக்கலாம். அதை நீங்களே சரிசெய்யலாம். நீங்கள் தேர்ந்தெடுத்த அளவும் மரமுமே அப்படித்தான் நடந்துகொள்ளும் என்றிருக்கலாம்; எந்த ஸ்க்ரூவைத் திருகியும் பயனில்லை. செய்தவர் விட்ட பிழையாகவும் இருக்கலாம். அதில் நீங்கள் கை வைத்தால் வாரண்டி போய்விடும். இந்த மூன்றையும் பிரித்தறியாமல் ஆலன் கீயைத் தூக்குவதில்தான் நல்ல கருவிகள் பலவும் கெடுகின்றன.

பரவலாக ஆர்டர் ஆகும் வகை ஒன்றை வைத்துக் கீழே எழுதியிருக்கிறது: ஐந்து ஸ்ட்ரிங், 34 அங்குல ஸ்கேல், போல்ட்-ஆன் நெக் (உடலில் போல்ட்டால் பொருத்தியது), பேட்டரி போட்ட ஆக்டிவ் பிரீஆம்ப் (பிக்கப்பின் சைகையைப் பேஸுக்குள்ளேயே பெருக்கும் சுற்று). நான்கு ஸ்ட்ரிங் பேஸுக்கும் பி ஸ்ட்ரிங் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

கை வைக்கும் முன்

ஆர்டர் தாளை எடுத்து மேசையில் வையுங்கள். ஸ்கேல் நீளம், எந்த கேஜ் (தடிமன்) ஸ்ட்ரிங்கில் செட்டப் செய்தார்கள், ட்ரஸ் ராட் (நெக்குக்குள் இருந்து அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் கம்பி) ஒற்றை வகையா இருபுறமும் வேலை செய்யும் வகையா, பிரிட்ஜில் (உடலில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பாகம்) ஸ்ட்ரிங் இடைவெளி எவ்வளவு, பிக்கப்பும் பிரீஆம்பும் எந்த மாடல் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். இல்லாததை மின்னஞ்சலில் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

விமானத்தில் வந்த பெட்டியை உடனே திறக்க வேண்டாம். குளிர்ந்த லாக்கர் பூச்சு திடீரென வெப்பத்தைக் கண்டால் மயிரிழைபோல் வெடிக்கும். ஒரு நாள் முழுக்க மூடியபடியே அறையில் இருக்கட்டும்.

தேவையான கருவிகள்: ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்; பைக் மெக்கானிக் வைத்திருப்பதே போதும்), அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ரூலர், கேப்போ (நெக்கில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளோடு ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடிக்கும் கவ்வி), சுருதி காட்டும் ட்யூனர், மல்டிமீட்டர், ஆலன் கீ செட் இரண்டு. ஏன் இரண்டு? அமெரிக்க ஹார்டுவேர் பல அங்குல அளவில் வரும். 1/16 அங்குலம் என்பது 1.59 மி.மீ. அதில் 1.5 மி.மீ. கீயை நுழைத்தால் சேர்வதுபோலத்தான் தெரியும். நான்காவது முறை திருகும்போது சேடில் (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் துண்டு) ஸ்க்ரூவின் உள்முனை மழுங்கிவிடும்.

ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் உரசி இரைகிறது

ஆம்ப்பில் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். மடியில் வைத்து வாசிக்கும்போது மட்டும் கேட்டு, ஆம்ப்பில் கேட்கவில்லை என்றால் விட்டுவிடலாம். ஆக்‌ஷனைத் (ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரத்தை) தாழ்வாகக் கேட்டு வாங்கியவர்களுக்கு அந்த அளவு இரைச்சல் கூடவேதான் வரும்.

ஆம்ப்பிலும் கேட்டால், ஸ்ட்ரிங்கைச் சரியான சுருதிக்கு ஏற்றி, பேஸை வாசிக்கும் நிலையிலேயே பிடித்து அளந்துகொள்ளுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்தால் நெக்கின் எடையே அளவை மாற்றும்.

முதல் அளவு, நெக்கின் வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, உடலோடு நெக் சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்துங்கள். 8வது ஃப்ரெட்டின் தலைக்கும் ஸ்ட்ரிங்கின் அடிக்கும் நடுவே 0.30 முதல் 0.35 மி.மீ. இருந்தால் நல்லது. அடுத்தது ஆக்‌ஷன். கேப்போவை எடுத்துவிட்டு 17வது ஃப்ரெட்டில் பாருங்கள்: பி ஸ்ட்ரிங்குக்கு 2.5, ஜி ஸ்ட்ரிங்குக்கு 2 மி.மீ. சுற்றுவட்டத்தில் இருக்கட்டும். மூன்றாவது, நட் (நெக்கின் தலைப்பக்கத்தில் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் வெட்டுகள் உள்ள பட்டை). ஸ்ட்ரிங்கை 3வது ஃப்ரெட்டில் அழுத்தும்போது முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளி தெரிய வேண்டும்.

இனி இரைச்சல் எந்த இடத்தில் என்பதை வைத்துப் பிரிக்கலாம்.

முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் மட்டும் இரைந்தால் வளைவு போதவில்லை. ட்ரஸ் ராடைக் கடிகாரச் சுற்றுக்கு எதிராக எட்டில் ஒரு பங்கு திருப்புங்கள். மறுபடி சுருதி சேர்த்து, அளந்து, தேவையானால் இன்னொரு எட்டில் ஒரு பங்கு. ஒரே மூச்சில் அரைச் சுற்று திருப்பாதீர்கள். இருபுறமும் வேலை செய்யும் ராடில் நடுவே எதிர்ப்பே இல்லாமல் சுழலும் ஒரு பகுதி உண்டு. அங்கே வந்ததும் ராட் அறுந்துவிட்டது என்று பலர் பதறுவார்கள். இன்னும் கொஞ்சம் திருப்பினால் பிடிக்கும். ஆனால் கீயே வளையும் அளவுக்கு இறுக்கமாக இருந்தாலோ, ஒரு முழுச் சுற்று போயும் பிடிக்கவில்லை என்றாலோ, அதோடு நிறுத்திச் செய்தவருக்கு எழுதுங்கள்.

ஓப்பன் ஸ்ட்ரிங் மட்டும் இரைகிறது, எங்கே அழுத்தினாலும் சுத்தமாக ஒலிக்கிறது என்றால் நட்டின் வெட்டு ஆழம் கூடிவிட்டது. ட்ரஸ் ராடை இழுத்து இதை மறைக்காதீர்கள். அந்த வெட்டில் ஒரு துண்டுத் தாளை மடித்து வைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் உறுதி. புது நட் போட்டுத் தருவது பேஸைச் செய்தவரின் பொறுப்பு.

12க்கு மேல் மட்டும் இரைந்தால் வளைவு கூடியிருக்கலாம், ஆக்‌ஷன் தாழ்ந்திருக்கலாம். வளைவை 0.30க்குக் கொண்டுவந்து, சேடிலை உயர்த்துங்கள். 17வது ஃப்ரெட்டில் 3 மி.மீ. வரை உயர்த்தியும் தீரவில்லை என்றால் நெக்கின் கடைசிப் பகுதி மேல்நோக்கித் தூக்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். நெக்கை நேராக்கிவிட்டு, ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே நீள ரூலரை ஃப்ரெட்கள் மேல் வையுங்கள். கடைசி நான்கைந்து ஃப்ரெட்கள் மட்டும் ரூலரை மேலே தள்ளி, 12ஐச் சுற்றி வெளிச்சம் தெரிந்தால் அதேதான். போல்ட்-ஆன் நெக்குகளில் உடலோடு சேரும் இடத்தில் இது நேரும். ஃப்ரெட் சமன்செய்யும் வேலை வேண்டும்; புதுக் கருவியில் அதற்கு நீங்கள் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரைந்தால் நீங்கள் அழுத்துவதற்கு அடுத்த ஃப்ரெட், பிரிட்ஜ் பக்கத்தில் இருப்பது, தூக்கலாக இருக்கிறது. இதற்கென்று விற்கும் ஃப்ரெட் ராக்கர் இல்லாவிட்டாலும் எழுத்துப் புடைக்காத ஏடிஎம் கார்டு போதும். 34 அங்குல ஸ்கேலில் கார்டின் நீள விளிம்பு 3வது ஃப்ரெட்டிலிருந்து 10வது வரை சரியாக மூன்று ஃப்ரெட்டில் உட்காரும்; அதற்கு மேல் சில இடங்களுக்குக் குட்டை விளிம்பு. மூன்று ஃப்ரெட்டில் வைத்து இரு முனையையும் மாறி மாறி லேசாகத் தட்டுங்கள். சீசாப் பலகைபோல் ஆடினால் நடு ஃப்ரெட்தான் குற்றவாளி. எந்த ஃப்ரெட், எந்த ஸ்ட்ரிங்குக்குக் கீழ் என்று ஸ்கெட்ச் பேனாவால் ஃப்ரெட் மேல் குறியிட்டுப் படம் எடுங்கள். அரத்தைத் தொட வேண்டாம்.

இதில் ஊரின் ஈரப்பதத்துக்கும் பங்கு உண்டு. பட்டறைகள் ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்தில் வைத்துத்தான் நெக் செய்கின்றன. அந்த நெக் சென்னையில் 70ஐத் தாண்டிய காற்றுக்குள் வந்தால் முதல் இரண்டு மூன்று மாதம் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்தையும் பூச்சையும் பொறுத்தது. ஊகிக்காமல் அளக்க வேண்டும். இந்த நகர்வு குறைபாடு அல்ல. பகலில் வெக்கை, இரவில் ஏசி என்று மாறி மாறி வரும் அறையைவிட எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் அறை நல்லது. சிறிய ஈரப்பதமானி ஒன்றைக் கேஸுக்குள் போட்டுவையுங்கள்.

பி ஸ்ட்ரிங் தொளதொளவென்று இருக்கிறது

ட்யூனரை (ஸ்ட்ரிங்கை முறுக்கும் தலைப்பக்கத் திருகியை) பழி சொல்லாதீர்கள். 34 அங்குலம் என்பது 1951இல் லியோ ஃபெண்டரின் பிரசிஷன் பேஸோடு நான்கு ஸ்ட்ரிங்குக்காக வந்த அளவு. அதில் 30.87 ஹெர்ட்ஸுக்கு இறங்கும் ஐந்தாவது ஸ்ட்ரிங் பின்னால் வந்து சேர்ந்தது. ஒரே கேஜ், ஒரே சுருதி என்றால் இழுவிசை ஸ்கேல் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 35 அங்குலம் கேட்டிருந்தால் சுமார் 6 சதவீதம் கூடியிருக்கும். டிங்வால் கம்பெனியின் பேஸ்களில் ஃப்ரெட்டைச் சாய்த்துப் போட்டு பி ஸ்ட்ரிங்குக்கு 37 அங்குலம் தருவது இதற்காகத்தான். அங்கே ஏறக்குறைய 18 சதவீதம். ஆகவே இது உங்கள் ஆர்டர் தாளில் எழுதியிருக்கும் விஷயம்.

கையில் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியது: கேஜ் 125 (அதாவது 0.125 அங்குலம்) என்றால் 130, 130 என்றால் 135. புதுத் தடிமனுக்கு நட்டின் வெட்டு இடம் தருமா என்று பாருங்கள். வெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டால் தொல்லை இரட்டிப்பாகும். ட்யூனர் தண்டில் சுற்றுகள் மேலிருந்து கீழாக இறங்கட்டும், அப்போதுதான் நட்டில் அழுத்தம் கிடைக்கும். சேடிலைத் தாண்டியதும் ஸ்ட்ரிங்கைக் கட்டைவிரலால் லேசாகக் கீழே அழுத்தி ஒரு மடிப்பு கொடுங்கள். மடிப்பில்லாத தடித்த ஸ்ட்ரிங் சேடிலில் வில்லாக வளைந்து நிற்கும், சுரம் குழையும். ஸ்ட்ரிங்கை வெட்டுவதானால் முதலில் வளைத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். நேராக இருக்கும்போது வெட்டினால் மேல் சுற்று கழன்று ஸ்ட்ரிங் உயிரற்றுப்போகும்.

உடலுக்குள் நுழைத்துக் கட்டும் பிரிட்ஜ் கேட்டிருந்தால் புது செட் வாங்கும் முன் பழைய ஸ்ட்ரிங்கை வைத்து, பந்து முனையிலிருந்து நட் வரை அளந்துகொள்ளுங்கள். சாதாரண லாங் ஸ்கேல் செட்டில் முழுத் தடிமன் நட்டுக்கு முன்பே முடிந்துவிடலாம்.

ஜி ஸ்ட்ரிங்கில் ஒரு சுரம் மட்டும் சட்டென்று அடங்கிப்போகிறது

5க்கும் 7க்கும் இடைப்பட்ட ஃப்ரெட் என்றால் அது நெக்கின் அதிர்வு ஸ்ட்ரிங்கின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் இடம். மர நெக் போல்ட்-ஆன் பேஸ்களில் கொஞ்சமாவது இது இருக்கும். விலை கூடினால் மறைந்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. உறுதி செய்ய ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் தலைப்பகுதி) ஒரு சின்ன கிளாம்ப் மாட்டி அதே சுரத்தை வாசியுங்கள். அடங்கும் இடம் ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் காரணம் நெக்தான். ஹெட்ஸ்டாக்கில் எடை கூட்டலாம் குறைக்கலாம். இடம் மாறும், ஒழியாது. இன்னும் ஆர்டர் கொடுக்காதவர்கள் நெக்குக்குள் கார்பன் கம்பி கேட்டால் பலன் உண்டு.

மேலே போகப் போகச் சுருதி விலகுகிறது

புது ஸ்ட்ரிங் போட்டு, வளைவும் ஆக்‌ஷனும் முடிந்த பிறகே இதைத் தொட வேண்டும். 12வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால், இறங்கியிருந்தால் நெக் பக்கம் நகர்த்துங்கள். பி சேடில் பின்னால் போக இடமில்லாமல் நின்றுவிட்டால் ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டுப் பாருங்கள், இரண்டு மூன்று மி.மீ. கிடைக்கும். அதுவும் போதாவிட்டால் பிரிட்ஜைப் பொருத்திய இடமே தவறு. அதைச் செய்தவரிடம் சொல்லுங்கள், நீங்கள் துளை போடாதீர்கள்.

கையை எடுத்தால் தலை கீழே சாய்கிறது

எடை குறைந்த உடல் கேட்டவர்களுக்கு வரும் வினை. 2 அங்குலத்துக்குக் குறைவான வழுக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, உள்பக்கம் ஸ்வேட் தோல் வைத்த 3 அங்குலப் பட்டை போடுங்கள். பாதி தீரும். மீதிக்கு ட்யூனர். ஹிப்ஷாட் அல்ட்ராலைட் போன்ற இலகு ட்யூனர் ஐந்தையும் மாற்றினால் ஹெட்ஸ்டாக்கில் கணிசமான எடை குறையும். வாங்கும் முன் துளையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள்.

சத்தமே வரவில்லை

கேபிளை மாற்றுங்கள். சிரிக்க வேண்டாம், பெரும்பாலும் அதுதான். ஆக்டிவ் பேஸில் இன்னொரு சிக்கல் உண்டு. பேட்டரியின் எதிர்முனை, கேபிள் செருகும் ஜாக்கின் நடு வளையத்தில் இருக்கும். மோனோ பிளக் உள்ளே போனால்தான் அது எர்த்தோடு சேர்ந்து சுற்று முடியும். ஹெட்ஃபோன் கேபிள் மாதிரி இரண்டு கறுப்பு வளையம் உள்ள ஸ்டீரியோ பிளக்கைச் செருகினால் சுற்று முடியாது, பேஸ் ஊமையாகும். சில வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரோடு வரும் கேபிளும் இப்படித்தான்.

அடுத்து பேட்டரி. புது 9 வோல்ட் ஆல்கலைன் 9.5 காட்டும். 7.5க்குக் கீழே போனால் மாற்றுங்கள். பலமாக அடிக்கும்போது மட்டும் சத்தம் கரகரப்பதே பேட்டரி தீரும் முதல் அறிகுறி. 18 வோல்ட் பிரீஆம்பில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பாஸிவ் சுவிட்ச் (பிரீஆம்பைத் தவிர்த்து வாசிக்க விடுவது) இருந்தால் அதைத் தட்டுங்கள்; சத்தம் வந்துவிட்டால் பிக்கப்பும் ஜாக்கும் நலம், பிரீஆம்பையோ பேட்டரி கிளிப்பையோ பாருங்கள்.

ஜாக்கின் நட்டு தளர்ந்து, பிளக்கோடு சேர்ந்து உள்ளே ஜாக்கே சுழன்று ஒயர் அறுவது வெகு சாதாரணம். வெளியிலிருந்து நட்டை மட்டும் இறுக்கினால் மேலும் முறுக்கும். மூடியைத் திறந்து ஜாக்கைப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

பேட்டரி இரண்டே நாளில் தீர்கிறது

பிளக்கைச் செருகியபடியே வைத்திருக்கிறீர்களா? இல்லை என்றால் மல்டிமீட்டரை மில்லிஆம்பியரில் வைத்து, பேட்டரியின் ஒரு முனைக்கும் கிளிப்புக்கும் நடுவே தொடராக இணையுங்கள். பிளக் இல்லாதபோது பூஜ்யம் காட்ட வேண்டும். செருகினால் பல பிரீஆம்புகளில் 1 மில்லிஆம்பியரை ஒட்டி இருக்கும். 9 வோல்ட் ஆல்கலைனின் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லிஆம்பியர்-மணி என்பதால் அது நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும். பிளக் இல்லாமலே மின்னோட்டம் தெரிந்தால் ஜாக்கின் வளைய முனை எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது: வளைந்த இதழ், வழிந்த ஈயம், அல்லது குழியின் செப்புத்தாளில் உரசும் முனை.

உம்ம் என்ற இரைச்சல்

ஸ்ட்ரிங்கைத் தொட்டால் குறைகிறதா, கூடுகிறதா? இந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

தொட்டால் குறைந்தால் எர்த் இணைப்பு இருக்கிறது, கவசம்தான் போதவில்லை. குழிக்குள் செப்புத்தாள் ஒட்டி அதை எர்த்தோடு சேர்த்தால் குறையும். தொட்டாலும் மாற்றமே இல்லை என்றால் பிரிட்ஜுக்குக் கீழே வரும் எர்த் ஒயர் தொடவில்லை: ஸ்ட்ரிங்கிலிருந்து ஜாக்கின் எர்த் வரை மீட்டரில் ஓரிரு ஓமுக்கு மேல் காட்டக் கூடாது. ஆனால் இஎம்ஜி கம்பெனியின் ஆக்டிவ் பிக்கப் போட்ட பேஸில் அந்த ஒயரே இருக்காது, தேவையும் இல்லை. தொட்டால் கூடினால் ஜாக்கில் இரு ஒயர்கள் இடம் மாறியிருக்கலாம், அல்லது உங்கள் வீட்டு எர்த்தில் கோளாறு. ஸ்ட்ரிங்கைத் தொடும்போது சுருக்கென்று அடித்தால் உடனே பிளக்கைப் பிடுங்கி, முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைத்து இரைச்சலைப் போக்குவது உயிரோடு விளையாடுவது.

இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள பேஸில் இரண்டையும் முழுக்கத் திறந்தால் இரைச்சல் அடங்க வேண்டும். ஒன்று எதிர்ச்சுற்றும் எதிர்க் காந்தமுமாக இருப்பதன் பயன் அது. இரண்டும் திறந்தபோது அடி ஒலி காணாமல் போய்ச் சத்தம் மெலிந்து, இரைச்சலும் அடங்காமல் இருந்தால் ஒரு பிக்கப்பின் இரு ஒயர்களும் மாறியிருக்கின்றன. மாற்றிப் பற்றவைத்தால் தீரும். சத்தம் முழுதாக இருந்து இரைச்சல் மட்டும் அடங்காவிட்டால் இரண்டும் ஒரே சுற்று கொண்டவை. ஜோடியையே தப்பாகப் போட்டிருக்கிறார்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வால்யூம் கடைசியில் மட்டும் வேலை செய்கிறது, அல்லது ஒலி போர்வைக்குள் இருக்கிறது

ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கிலோ ஓம் பாட் (குமிழுக்குக் கீழே இருக்கும் மாறும் மின்தடை), பாஸிவுக்கு 250 அல்லது 500. ஆக்டிவில் 250 போட்டால் வால்யூம் சுவிட்ச் மாதிரி திடீரென்று எழும். பாஸிவில் 25 போட்டால் மேல் ஒலி செத்துவிடும். பிக்கப் ஒரு கம்பெனி, பிரீஆம்ப் வேறு கம்பெனி என்று கலந்து கேட்ட ஆர்டர்களில் இந்தப் பிசகு நேரும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாட் கிடைக்கும். ஆனால் தண்டு 6 மி.மீ., உங்கள் அமெரிக்கக் குமிழ் 6.35 மி.மீ. துளை என்றால் ஆடும். அளந்து வாங்குங்கள். கரகரப்பு மட்டும் என்றால் பாட்டை மாற்றத் தேவையில்லை: காண்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, இருபது முறை முன்னும் பின்னும் திருப்பல்.

ஒரு ஸ்ட்ரிங் மட்டும் சத்தம் குறைவு என்றால் பிக்கப் உயரத்தைப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி தடித்த பக்கம் 3, மெல்லிய பக்கம் 2.4 மி.மீ. அளவில் தொடங்கிக் காதால் திருத்துங்கள். இன்னும் கிட்டே கொண்டுபோனால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்து சுரம் நடுங்கும்.

சில்லறைத் தொல்லைகள்

ஃப்ரெட் முனை கையைக் குத்தினால் ஏசி அறையின் வறட்சியில் ஃபிங்கர்போர்டு சுருங்கியிருக்கிறது. 50 சதவீத ஈரப்பதத்தில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள், அப்புறம்தான் அரம். எங்கிருந்தோ கலகலவென்று ஒலி வந்தால் ஒரு சுரத்தை வாசித்துக்கொண்டே ட்யூனர் நட்டு, சேடில் ஸ்க்ரூ, பிக்கப் ஸ்ப்ரிங், பேட்டரி என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். எதுவும் அடங்காவிட்டால் நெக்குக்குள் தளர்ந்து கிடக்கும் ட்ரஸ் ராட். நைட்ரோ லாக்கர் பூச்சு என்றால் ஸ்டாண்டின் ரப்பர் பட்ட இடம் உருகிக் கறையாகும். ஸ்டாண்டில் பருத்தித் துணி சுற்றுங்கள்.

திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால்

“சரியில்லை” என்று எழுதினால் பதில் தாமதமாகும். வளைவு, ஆக்‌ஷன், ஈரப்பதம், ஸ்ட்ரிங் கேஜ் என நான்கு எண்களையும் ஒரு நிமிட வீடியோவையும் அனுப்புங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். ஸ்ட்ரிங்கை முழுக்கத் தளர்த்தாமல் ஒன்றிரண்டு சுரம் இறக்குங்கள். ஹெட்ஸ்டாக்குக்குக் கீழும் பக்கத்திலும் கேஸில் காலியிடம் இல்லாதபடி துணி திணியுங்கள். ஏற்றுமதித் தாளில் ரிப்பேருக்குப் போய்த் திரும்பும் பொருள் என்பதையும் சீரியல் எண்ணையும் எழுதாவிட்டால், திரும்பி வரும்போது புதுப் பொருளாகக் கணக்கிட்டு வரி கேட்கக்கூடும். ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு என்று அஞ்ச வேண்டாம்: 2017 ஜனவரியில் வந்த சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய ஒப்பந்தம்) கட்டுப்பாட்டிலிருந்து முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்துவிட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அந்த மரத்தைக் கேட்டு வாங்கியிருந்தால் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்ட விடாதீர்கள்.